ஸ்வெயின் என்றொரு பையன்

கல்யாணத் தரகர் யாரிடமாவது பேசிப் பாருங்கள். "பையன் பெங்களூர்ல இருக்கார், வயசு 34" என்பார். 34 வயதில் என்ன பையன்? ஆனாலும் தாலி கட்டும் வரை அவர் பையன்தான். அதே வீட்டில் "டீ வாங்கப் பையனை அனுப்பியிருக்கேன்" என்றால், அது வேறு பையன். சின்னப் பிள்ளை, எடுபிடி, பெண் பார்க்க வருகிறவர் மூவரையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். யாருக்கும் குழப்பம் வருவதில்லை.

ஆங்கிலத்தில் ஸ்வெயின் என்று ஒரு பழைய சொல் உண்டு. ஒரு பெண்ணின் மனதைக் கேட்டுச் சுற்றி வரும் இளைஞன் என்று அகராதிகள் பொருள் சொல்கின்றன. இன்று பேச்சில் அதற்கு இடமில்லை. எழுத்தில் வந்தாலும் லேசான கேலியோடுதான் வரும். நம் பையன் போன வழியிலேயே இதுவும் போயிருக்கிறது, நடுவில் ஒரு கடலைத் தாண்டி.

8-ஆம் நூற்றாண்டின் முடிவில் டென்மார்க், நார்வே பக்கத்துக் கடலோடிகளான வைக்கிங்குகள் இங்கிலாந்துக் கரையில் கொள்ளையடிக்க வந்தார்கள். பிறகு வந்தவர்களில் பலர் நிலம் பிடித்து அங்கேயே தங்கினார்கள். அவர்கள் பேசிய நார்ஸ் மொழியில் 'ஸ்வெய்ன்' என்றால் பையன், பணியாள். அதையே பெயராகவும் வைப்பார்கள். இன்றைய ஸ்வென் அதுதான். 1013 டிசம்பரில் இங்கிலாந்தின் அரியணையைப் பிடித்து, 1014 பிப்ரவரியில் செத்துப்போன டென்மார்க் மன்னனின் பெயரும் ஸ்வெய்ன். ராஜாவுக்குப் பெயர் பையன்!

சரி, இந்தச் சொல் இங்கிலாந்திலேயே பிறந்ததாக ஏன் இருக்கக் கூடாது? இரண்டும் உறவு மொழிகள்தானே? இங்கேதான் மொழியியலாளர்களின் துப்பறியும் வேலை சுவையாகிறது. நார்ஸும் ஆங்கிலமும் ஒரே தாய்மொழியிலிருந்து பிரிந்தவை. தாயிடம் 'ஐ' என்று இருந்த உயிரொலி நார்ஸில் 'எய்' ஆனது. பழைய ஆங்கிலத்தில் அது 'ஆ' ஆகி, பின்னால் 'ஓ' பக்கம் போனது. கல்லுக்கு நார்ஸில் 'ஸ்டெய்ன்', பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டான்', இன்று 'ஸ்டோன்'. எலும்புக்கு நார்ஸில் 'பெய்ன்', பழைய ஆங்கிலத்தில் 'பான்', இன்று 'போன்'. வீட்டைக் குறிக்கும் 'ஹோம்' வந்ததும் இதே வழிதான். இப்படி ஒரு சொல்லில் நடந்தால் தற்செயல் எனலாம். வரிசையாக நடந்தால் அது விதி.

இதே விதிப்படி ஆங்கிலத்திலும் ஒரு 'ஸ்வான்' இருந்தது. பன்றி மேய்ப்பவனை அப்படித்தான் அழைத்தார்கள். (அன்னப் பறவையோடு சேர்த்துவிடாதீர்கள், அது வேறு சொல்.) இந்த உள்ளூர்க்காரன் பிழைத்திருந்தால் இன்று 'ஸ்வோன்' என்று கேட்டிருக்கும். நம் கையில் இருப்பதோ 'ஸ்வெயின்'. அந்த 'எய்' ஒலி ஒன்றே போதும், படகேறி வந்தவன் என்று காட்டிக் கொடுக்க.

இன்னும் தோண்டினால் வேர் 'தன்', 'தனக்கு உரிய' என்ற பொருளில் போய் நிற்கிறது. அதாவது ஸ்வெய்ன் என்றால் முதலில் ஒருவருடைய சொந்த ஆள். கூலிக்கு ஆள், வேலைக்கு ஆள் என்கிற நம் பிள்ளைகள்தான் காதலிலும் "என் ஆளு" என்கிறார்கள். அதனால் இந்தத் தாவல் நமக்குப் புரியாததல்ல. சமஸ்கிருத 'ஸ்வ' பிறந்ததும் அதே வேரில்தான். அதன் வழியே தமிழுக்கு வந்தது 'சுயம்வரம்'. காதல் கேட்டு நிற்கிறவனும் பெண்ணே மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் சபையும் ஒருவகையில் சொந்தக்காரர்கள்!

12-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஸ்வெயின் என்றால் வீரப் பிரபுவுக்கு எடுபிடி வேலை செய்யும் இளைஞன். 1570-கள் வாக்கில் அவன் வயல் வேலைக்காரன். அடுத்த பத்தாண்டிலேயே காதலன். வயலிலிருந்து காதலுக்கு எப்படிப் போனான்? கவிஞர்கள் கைங்கரியம். ஆட்டிடையர்கள் புல்வெளியில் உட்கார்ந்து காதலிக்காக உருகுவதாகப் பாடுவது அப்போது அரண்மனை வட்டாரத்தில் பெரிய மோஸ்தர். பட்டு உடுத்தியவர்கள் எழுதினார்கள், பட்டு உடுத்தியவர்களே படித்தார்கள். ஆட்டுக் கிடை நாற்றம் அந்தக் கவிதைகளில் துளியும் இருக்காது. அவற்றில் வரும் ஸ்வெயினுக்கு ஏங்குவதைத் தவிர வேறு வேலையே கிடையாது என்பதால், சொல்லுக்கும் ஏங்குகிறவன் என்பதே பொருளாகிவிட்டது. அந்த மோஸ்தர் போனதும் சொல்லும் வாடியது. மிஞ்சியது கேலி.

மாப்பிள்ளையைக் குறிக்கும் 'பிரைட்குரூம்' கதையும் கொஞ்சம் இப்படித்தான். அதன் பின்பாதி முதலில் 'குமா', அதாவது மனிதன். அந்தச் சொல் வழக்கொழிந்ததும் அர்த்தம் புரியாமல், 16-ஆம் நூற்றாண்டில் 'குரூம்' என்று மாற்றிக்கொண்டார்கள். குரூம் என்றாலும் பையன், வேலைக்காரன்!

கவிதைக்குள் போகாத ஸ்வெயின் கப்பலில் பிழைத்துக்கொண்டான். தளத்து வேலையாட்களையும் கயிறு, நங்கூரத்தையும் கவனிக்கும் மேஸ்திரிக்கு எழுத்தில் 'போட்ஸ்வெயின்', வாயில் வெறும் 'போசன்'. ஆங்கிலத்தில் அழுத்தம் முதல் அசையில் விழுந்தால் பின்னால் வருவது தேய்ந்து போகும். அதிலும் இது மாலுமிகள் நாளெல்லாம் கத்திக் கூப்பிட்ட சொல். எட்டுப் பேர் துடுப்புப் போடும் பந்தயப் படகில், அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்து திசை திருப்புகிறவர் 'காக்ஸ்'. அதன் முழு வடிவம் 'காக்ஸ்வெயின்'. அங்கே தேய்ந்து தேய்ந்து ஸ்வெயினே காணாமல் போய்விட்டான்.

டென்மார்க்கில் 'ஸ்வென்' இன்னும் உழைப்பாளிதான். தச்சு போன்ற தொழிலைப் பழகித் தேறினால் அதற்கான சான்றிதழின் பெயரே 'ஸ்வெனப்ரேவ்'. ஆனால் அங்கே 'பெபர்ஸ்வென்', அதாவது மிளகுப் பையன், என்றும் ஒரு சொல் உண்டு. 30 வயதாகியும் கல்யாணம் ஆகாத ஆணைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஊர் ஊராக அலைந்து மிளகு விற்ற வியாபார ஆட்கள் கல்யாணம் செய்துகொள்ளாமலே காலத்தை ஓட்டியதால் வந்த பெயர் என்பார்கள். 30-ஆவது பிறந்தநாளில் நண்பர்கள் கூடி அவன் தலையில் மிளகுத்தூளைக் கொட்டுவதும் உண்டு. நம் 34 வயதுப் பெங்களூர்ப் பையன் அந்தப் பக்கம் பிறக்கவில்லை, தப்பித்தார்.