ஒரே நாளில் தீர்ப்பு சொன்ன ஊர்

போன மாதம் ஒரு பாகப்பிரிவினை வழக்கு, 11 வருஷமாக நடக்கிறது, மறுபடியும் வாய்தா. வெளியே வந்ததும் என் கட்சிக்காரர், 70 வயதைத் தாண்டியவர், வேப்பமரத்தடியில் என்னை நிறுத்தி, "சார், கிரேக்க நாட்டுல அந்தக் காலத்துல எந்தக் கேஸா இருந்தாலும் ஒரே நாள்ல முடிச்சிருவாங்களாமே, பேரன் போன்ல காட்டினான், நமக்கு மட்டும் ஏன் சார் இப்படி?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. 22 வருஷமாக வக்கீல் தொழிலில் இருக்கிறேன், இந்தக் கேள்வி வேறு வேறு வடிவத்தில் வந்துகொண்டேதான் இருக்கிறது. அந்த வாட்ஸப் செய்தி பொய்யில்லை என்பதுதான் சங்கடம். பாதியைத்தான் சொல்கிறது, மீதியை நான் சொல்லிவிடுகிறேன்.

ஊர் ஏதென்ஸ், காலம் கி.மு. 5, 4-ஆம் நூற்றாண்டுகள். வருஷத்துக்கு ஒருமுறை 30 வயது தாண்டிய ஆண் குடிமக்களில் 6,000 பேரைக் குலுக்கலில் எடுத்து, சத்தியம் வாங்கி, தீர்ப்புச் சொல்லும் நடுவர்களாக வைத்துக்கொள்வார்கள். தனிப்பட்ட வழக்கு என்றால் 201 பேர், தொகை 1,000 டிரக்மாவை (அந்த ஊர்க் காசு) தாண்டினால் 401, பொதுக் குற்றம் என்றால் 501 அல்லது அதற்கும் மேலே. சம்பளம் நாளுக்கு 3 ஓபல். ஒரு கட்டட வேலைக்காரரின் தினக்கூலி 6 ஓபல், அதாவது 1 டிரக்மா, அதனால் இது அரைக்கூலி; வேலைக்குப் போக முடியாத வயசாளிகளுக்கு ஆகும்.

அந்த 6,000 பேரில் இன்றைக்கு யார் எந்த வழக்கில் உட்காருவது? இங்கேதான் எனக்குத் தொழில்முறைப் பொறாமையே வருகிறது. கிளெரோடெரியன் என்று ஒரு கல் பலகை வைத்திருந்தார்கள், முகப்பு முழுக்க வரிசை வரிசையாகச் சின்னப் பிளவுகள், அதில் நடுவர்களின் பெயர்ச் சீட்டுகளைச் செருகுவார்கள், பக்கவாட்டில் ஒரு குழாய், அதற்குள் கறுப்பும் வெள்ளையுமாக உருண்டைகளைப் போடுவார்கள், வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுவதும் உள்ளே, கறுப்பு விழுந்தால் முழு வரிசையும் வீட்டுக்கு. எந்த மன்றம் என்பதும் அன்று காலையில்தான் குலுக்கலில் தெரியும். யாருக்கு லஞ்சம் கொடுப்பது என்று முந்தின நாள் ராத்திரி எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. வாக்களிக்க ஆளுக்கு இரண்டு வெண்கல வட்டுகள், ஒன்றின் நடு அச்சு துளையுள்ளது (வழக்குப் போட்டவருக்கு), இன்னொன்று கெட்டி (எதிர்த்தரப்புக்கு). அச்சின் இரு முனையையும் விரல்களால் மூடிப் பிடித்தால் எதைப் போடுகிறோம் என்று பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. அந்தக் குலுக்கல் பலகையின் உடைந்த துண்டை இன்றும் ஏதென்ஸின் அகோரா அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

சரி, காசு வாங்க முடியாத நீதிமன்றம். அப்புறம் என்ன குறை என்று கேட்பீர்கள்.

முதலில், வக்கீல் கிடையாது. (இதைக் கேட்டு என் கட்சிக்காரர் சந்தோஷப்பட்டார்.) நீங்களே எழுந்து பேச வேண்டும், நேரத்தை அளக்க ஒரு தண்ணீர்ப் பானை. அகழ்வாய்வில் கிடைத்த ஒன்று ஏறக்குறைய 6 நிமிஷத்தில் காலியாகும் அளவு. வழக்கின் மதிப்பைப் பொறுத்து எத்தனை பானை என்பது. பேச வராதவர்கள் காசு கொடுத்துப் பேச்சை எழுதி வாங்கி மனப்பாடம் செய்தார்கள். அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் லிசியாஸ் என்பவரை எனக்குப் பிடிக்கும். ஊனமுற்ற ஒருவருக்கு அரசு கொடுத்துவந்த நாளுக்கு 1 ஓபல் உதவித்தொகையை நிறுத்தப் பார்க்கிறார்கள், இவர் குதிரை ஏறுகிறாரே, நல்ல உடம்புதானே என்று குற்றச்சாட்டு. லிசியாஸ் அந்த மனிதரின் வாயில் வைத்த பதில்: வசதி இருந்தால் மெத்தைச் சேணம் போட்ட கோவேறு கழுதையில் போவேன், அது இல்லாததால்தான் அடுத்தவர் குதிரையை இரவல் கேட்கிறேன். நல்ல வக்கீல் என்றால் இதுதான். ஆனால் அந்த லிசியாஸ், ஏதென்ஸிலேயே வாழ்ந்தும் குடியுரிமை இல்லாத அந்நியர்.

நீதிபதியும் கிடையாது. ஒரு அதிகாரி தலைமையில் உட்கார்ந்திருப்பார், ஆனால் சட்டம் இப்படிச் சொல்கிறது என்று நடுவர்களுக்கு எடுத்துச் சொல்வது அவர் வேலை இல்லை. நடுவர்கள் தங்களுக்குள் கலந்து பேசுவதும் இல்லை, இரண்டு பேச்சையும் கேட்டதும் நேராக வாக்கு. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. 4-ஆம் நூற்றாண்டில் சாட்சியத்தை எழுதி வாசிப்பார்கள், சாட்சி வந்து ஆமாம் என்றால் முடிந்தது. ஊரின் போர்க்கப்பலுக்கு என் சொந்தக் காசில் செலவு செய்தேன் என்று பெருமை பேசலாம், அழுகிற பிள்ளைகளைக் கூட்டிவந்து நிறுத்தலாம். பெண் தன் வழக்கில் தானே பேச முடியாது, வீட்டு ஆண் பேச வேண்டும். அடிமையின் வாக்குமூலத்தைச் சித்திரவதை செய்து வாங்கினால்தான் பொதுவாக ஏற்பார்கள். இதையெல்லாம் அந்த வாட்ஸப் செய்தியில் எங்கே தேடுவது?

இன்னொன்று, மேல்முறையீடு கிடையாது. மக்கள் சொன்னார்கள், மக்களுக்கு மேலே யார்?

கி.மு. 406-இல் அர்கினூசைத் தீவுகள் பக்கம் ஏதென்ஸ் கடற்படை ஒரு பெரிய போரில் ஜெயித்தது. ஆனால் உடைந்த கப்பல்களில் தத்தளித்தவர்களைப் புயலால் காப்பாற்ற முடியவில்லை. தளபதிகள் 8 பேர் மேல் வழக்கு. அது நடுவர் மன்றத்துக்குக்கூடப் போகவில்லை, மக்கள் சபையே விசாரித்தது, அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பு. ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிப்பதுதான் சட்டம் என்று ஒருவர் சொன்னதற்கு, மக்கள் நினைத்ததைச் செய்யவிடாமல் தடுப்பதா என்று கூட்டம் கத்தியதாக அந்தக் கால வரலாற்றாசிரியர் செனபோன் எழுதிவைத்திருக்கிறார். திரும்பி வந்திருந்த 6 பேரையும் கொன்றார்கள், அதில் ஒருவர் ஏதென்ஸின் பெரும் தலைவராக இருந்த பெரிக்ளிஸின் மகன். கொஞ்ச காலத்திலேயே ஊர் வருந்தியது, எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று அந்த யோசனையைக் கொண்டுவந்தவர்கள் மீது பாய்ந்தது.

அன்றைக்குச் சபையை நடத்திய குழுவில் இருந்து, சட்டத்துக்கு மாறாக நான் எதுவும் செய்ய மாட்டேன் என்று நின்றவர் சாக்ரடீஸ். 7 வருஷம் கழித்து, கி.மு. 399-இல், அவரே குற்றம் சாட்டப்பட்டவராக நின்றார். குற்றம் சாட்டிய மூவரில் ஒருவர் அனிட்டஸ். முன்பு பைலோஸ் என்ற கோட்டை கைவிட்டுப்போன வழக்கில் நடுவர்களுக்கு முதன்முதலில் லஞ்சம் கொடுத்தவர் என்று பெயர் வாங்கிய அதே அனிட்டஸ் என்றே வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். நடுவர்கள் சுமார் 500 பேர். 30 வாக்கு மாறி விழுந்திருந்தால் விடுதலை என்று சாக்ரடீஸே கணக்குச் சொல்கிறார். கூடவே அவர் சொன்ன இன்னொன்றைத்தான் நான் அந்தப் பெரியவருக்குப் படித்துக் காட்டினேன்: வேறு இடங்களில் இருப்பதுபோல, மரண தண்டனை வழக்கை ஒரே நாளில் முடிக்கக் கூடாது, பல நாள் எடுக்க வேண்டும் என்று உங்களிடமும் சட்டம் இருந்திருந்தால், உங்களுக்குப் புரிய வைத்திருப்பேன் என்கிறார்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதுக்காக 11 வருஷமா சார்?" என்றார். நியாயமான கேள்விதான், 11 வருஷத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்த 11 வருஷத்துக்குள், நடுவில் வந்த ஒரு தவறான உத்தரவை மேலே போய் ரத்து செய்து வாங்கியதும் இருக்கிறது, அது நடந்திராவிட்டால் அவருக்கு வீடே இருந்திருக்காது. மரண தண்டனை பெற்ற சாக்ரடீஸ் விஷயத்தில், தேலோஸ் தீவுக்குப் போன புனிதக் கப்பல் திரும்பும்வரை தண்டனையை நிறைவேற்றக் கூடாது என்பதால் ஏறத்தாழ 30 நாள் சிறையில் வைத்திருந்தார்கள். நண்பர்கள் தினமும் வந்து பார்த்தார்கள், தப்பிக்க ஏற்பாடுகூடச் செய்தார்கள். அந்த 30 நாளில் ஒரு மனு எழுதிப் போட அந்த ஊரில் இடம் இல்லை.