“பிரஷர் நார்மல்னு சொன்னாங்க, மாத்திரைய நிறுத்திட்டேன்”

பொது மருத்துவராக ஓ.பி.யில் உட்காரும் யாரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு வாரத்தைக் கடக்க முடியாது. சொல்பவர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர். அன்று அவர் வந்ததற்குக் காரணம் வேறாக இருக்கும். இருமல், முழங்கால் வலி, இல்லையென்றால் பேத்தியைக் காட்ட வந்த இடத்தில் “எனக்கும் ஒரு தடவ பாத்துடுங்கம்மா” என்று கையை நீட்டியிருப்பார். பட்டையைக் கட்டி அளந்தால் 180க்கு 110. “தலைவலி, மயக்கம் ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே இருக்கேன்” என்பார். அவர் சொல்வது உண்மை. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலானவர்களுக்குப் பல வருடங்கள் எந்தத் தொந்தரவும் தராது. தொந்தரவு தெரியும்போது அது மூளையிலோ இதயத்திலோ சிறுநீரகத்திலோ சேதத்தை முடித்துவிட்டுத்தான் வந்திருக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய பெரிய தேசிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. இந்தியாவில் வயது வந்தோரில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாக அது சொல்கிறது. மூன்றில் ஒருவருக்கும் மேல். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகம் முழுவதிலும் இந்த நோய் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்கிறது. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. ஓ.பி.யில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பவர்கள், தெரிந்தும் மாத்திரையை விட்டவர்கள்தான். அவர்கள் ஒருமுறை மருத்துவமனை வாசலை மிதித்தவர்கள். அவர்களை நாங்கள் கையிலிருந்து நழுவ விட்டிருக்கிறோம்.

முதலில் மாத்திரை என்ன செய்கிறது என்று பார்ப்போம். பி.பி. மாத்திரை அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அதை உண்டாக்கும் காரணத்தைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை. கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றி வைப்பதில்லையே, அது போலத்தான். இதில் ஒரு சிக்கலும் உண்டு. நம் ஊரில் அதிகம் எழுதப்படும் ஆம்லோடிபின் உடம்பை விட்டுப் போகப் பல நாட்கள் ஆகும். நிறுத்திய மூன்றாம் நாள் அளந்தால் அழுத்தம் ஓரளவு சரியாகவே இருக்கக்கூடும். “மாத்திரை இல்லாமலே நல்லா இருக்கு” என்ற நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. அப்புறம் வாரக்கணக்கில் மெல்ல ஏறும். ஏறுவது அவருக்குத் தெரியாது. வேறு சில மாத்திரைகளில் நிலைமை நேர்மாறானது. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகையைத் திடீரென்று விட்டால் படபடப்பும் நெஞ்சுவலியும் வரலாம். எந்த மாத்திரையானாலும் சொந்த முடிவில் நிறுத்தக் கூடாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

நிறுத்துகிறவர்களைச் சோம்பேறி, அலட்சியக்காரர் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். நிதானமாகக் கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. “ஒரு தடவ ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் விட முடியாதாமே” என்ற பயம் ஒன்று. “கிட்னி போயிடும்” என்பது இன்னொன்று. இரண்டாவது பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பி.பி. மாத்திரை போட்டார், சில வருடத்தில் டயாலிசிஸுக்குப் போனார். பார்த்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். கட்டுக்குள் வராத அழுத்தம்தான் அந்தச் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கும். மாத்திரை ஆரம்பிக்கும்போதே பாதிச் சேதம் நடந்திருக்கும். ஒழுங்காகப் போட்ட மாத்திரை சிறுநீரகத்துக்குக் காவல்.

உண்மையான பக்கவிளைவுகளும் உண்டு. ஆம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனலாபிரில் வகையில் சிலருக்கு வறட்டு இருமல் விடாது. இதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால், பயந்துபோய் விட்டுவிடுகிறார்கள். வந்து சொன்னால் வேறு வகைக்கு மாற்றிவிடலாம், நிறைய வகைகள் இருக்கின்றன. அப்புறம் வேலைக்காக வெளியூர் போகிறவர்கள். செங்கல் சூளைக்கோ பனியன் கம்பெனிக்கோ போனவர் கையிலிருந்த மாத்திரை தீர்ந்ததும், ஊருக்குத் திரும்பும்வரை அப்படியே இருந்துவிடுகிறார். பெண்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது வேறு. கணவருக்கு மாத்திரை ஒருநாள் தவறாமல் எடுத்துக் கொடுப்பவர், தன் மாத்திரையை ஒன்றுவிட்டு ஒருநாள் போடுவார். காசு மிச்சமாகட்டும் என்பார். கேட்டால்தான் சொல்வார், அதுவும் கணவர் பக்கத்தில் இல்லாதபோது.

இத்தனையையும் கேட்க நேரம் வேண்டும். உலக நாடுகளில் மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கும் நேரத்தைத் தொகுத்த ஓர் ஆய்வு 2017இல் வந்தது. ஸ்வீடனில் சராசரியாக 22 நிமிடத்துக்கும் மேல். வங்கதேசத்தில் 48 வினாடி. இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம். கூட்டம் மிகுந்த ஓ.பி.யில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த 2 நிமிடமே தாராளம் என்று தோன்றும். மருந்து எழுத அரை நிமிடம் போதும். அந்த மாத்திரை எதற்கு, எவ்வளவு நாள், கால் வீங்கினால் என்ன செய்வது என்று விளக்கப் பத்து நிமிடம் வேண்டும். நேரம் குறைந்தால் மருந்துச் சீட்டு நிற்காது, விளக்கம்தான் முதலில் நிற்கும். “நார்மல்” என்ற ஒற்றைச் சொல்லோடு நோயாளி வெளியே போகிறார். மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டோம் என்றே அவர் புரிந்துகொள்கிறார். அவசரத்திலும் “மாத்திரையால நார்மலா இருக்கு, தொடர்ந்து போடுங்க” என்று முழுதாகச் சொல்ல என்னோடு வேலை செய்யும் இளம் மருத்துவர்களைப் பழக்கியிருக்கிறேன். கூடுதலாக ஆவது சில வினாடிகள்தான்.

சரி, மருத்துவரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அது நோயாளிக்கும் தெரிய வேண்டிய விஷயம். நாள்பட்ட பணி அழுத்தத்தால் வரும் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டுப் புத்தகத்தில் வரையறுத்தது. நோயாக அல்ல, வேலையோடு தொடர்புடைய நிலையாக. அதற்கு மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, செய்வது எதற்கும் பயனில்லை என்று தோன்றுவது. இந்த இரண்டாவது அடையாளம்தான் நோயாளியை நேராகத் தாக்குகிறது. சோர்ந்த மருத்துவர் தலை நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பதில்லை. கேள்வி கேட்டால் எரிச்சல் வருகிறது. “ஏன் நிறுத்துனீங்க? படிச்சுப் படிச்சு சொன்னேனே?” என்று வெடிக்கிறார். திட்டு வாங்கியவர் அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டார். “தினமும் போடுறேன்மா” என்பார். அதை நம்பி மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டுவார். வீட்டுக்குப் போய் அந்த நோயாளி ஏதோ ஒருநாள் கூட்டிய அளவை ஒழுங்காகப் போட்டால் அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழலாம். மருத்துவரின் சோர்வு இப்படி நோயாளியின் உடம்புக்குள் போய் முடிகிறது.

பயிற்சி மருத்துவர்கள், முதுநிலை மாணவர்களின் நிலை இன்னும் மோசம். தொடர்ந்து 36 மணி நேர டூட்டி என்பது பல இடங்களில் பேச்சுவழக்கிலேயே இயல்பாகிவிட்டது. மத்திய அரசின் 1992ஆம் ஆண்டு வழிகாட்டுதலோ வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அதைப் படித்த இளையவர்கள் நம்ப மறுக்கிறார்கள். தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024இல் கொடுத்த அறிக்கை, வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் ஒருநாள் விடுப்பு வேண்டும் என்றது. 74 மணி நேரத்தையே ஒரு வரம்பாகப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது என்றால் நடைமுறை எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். அக்குழுவின் கணக்கெடுப்பில் பங்கேற்ற இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதமும், முதுநிலை மாணவர்களில் 15.3 சதவீதமும் தங்களுக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னார்கள். நாளைக்கு நமக்குப் பி.பி. பார்க்கப் போகிறவர்கள் இவர்கள்தான்.

தனி மருத்துவர்களின் பொறுமையை நம்பி இதைச் சரிசெய்ய முடியாது என்பது என் உறுதியான கருத்து. வேலையைப் பகிர வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை நான் மதிப்பது இதனால்தான். பி.பி., சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகும் பெண் தன்னார்வலர் அதே தெருவைச் சேர்ந்தவராகவோ பக்கத்துத் தெருக்காரராகவோ இருப்பார். மாத்திரை மிச்சம் இருக்கிறதா என்று அடுக்களை அலமாரியைப் பார்த்தே சொல்லிவிடுவார். “கால் வீங்குச்சுக்கா, அதான் போடல” என்று என்னிடம் மறைத்ததை அவரிடம் சொல்லிவிடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்களுக்கென்று இருக்கும் நர்ஸ், ஒருவரை உட்கார வைத்து ஒழுங்காக அளந்து பேசினால், மருத்துவருக்குச் சிக்கலான நோயாளிகளைப் பார்க்க நேரம் கிடைக்கிறது. இது இரண்டு தரப்புக்கும் வைத்தியம்.

ஒழுங்காக அளப்பது என்றேன். கூட்டத்தில் தள்ளுமுள்ளுப்பட்டு வந்த உடனே, இறுக்கமான சட்டைக்கையின் மேல் பட்டையைக் கட்டி, பேசிக்கொண்டே அளக்கும் எண்ணை நம்ப வேண்டாம். அரை மணி நேரத்துக்கு முன் காபி, டீ, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை இதய மட்டத்தில் ஏதாவது ஒன்றின் மேல் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும். மிக அதிகமாக இல்லாவிட்டால் ஒரே நாள் எண்ணை வைத்து நோய் என்று முடிவு செய்வதில்லை, வேறொரு நாளும் பார்க்க வேண்டும். மருத்துவமனையில் 140க்கு 90, வீட்டில் அளந்தால் 135க்கு 85 என்பது எல்லைக்கோடு. வீட்டுக்கு மெஷின் வாங்குவதானால் மணிக்கட்டில் கட்டுவதைத் தவிர்த்து மேல்கையில் கட்டுவதை வாங்குங்கள்.

மாத்திரை போட்டும் அழுத்தம் குறையாதவர்களிடம் நான் முதலில் கேட்பது வலி மாத்திரையைப் பற்றி. வயல்வேலை, கட்டட வேலை, நாள் முழுக்க நின்று செய்யும் வேலை என்று முட்டி தேய்ந்தவர்கள் மெடிக்கலில் சொல்லி வாங்கும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்றவை அழுத்தத்தை ஏற்றும். பி.பி. மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. “அது வெறும் வலி மாத்திரைதானே” என்று இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மூக்கடைப்புக்கு வாங்கும் சில சளி மாத்திரைகளும் அப்படித்தான்.

அடுத்தது உப்பு. ஒருநாளைக்கு 5 கிராமுக்குக் கீழ் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன். குழம்பில் போடுவதை மட்டும் குறைத்துவிட்டு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு எல்லாம் தினமும் சேர்த்தால் பயனில்லை. இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், ஆகவே அதற்கு மாறினால் அழுத்தம் குறையாது. சீனாவின் 600 கிராமங்களில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றியபோது பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை ஏற்றும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடக் கூடாது.

ஓ.பி.க்கு வரும்போது பழைய சீட்டோடு, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்கு வரும் நாளிலும், மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, பி.பி. மாத்திரையைக் கொஞ்சம் தண்ணீரோடு போட்டுவிட்டே வரலாம். அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டு வந்து, ஏறிய எண்ணைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம். சுகர் மாத்திரைக்கு இது பொருந்தாது, அதைச் சாப்பாட்டோடு பார்த்துக்கொள்ள வேண்டும். மாத்திரையை நிறுத்தியிருந்தால் நிறுத்தினேன் என்றே சொல்லுங்கள். எண் அதிகமாக இருக்கிறது, ஆனால் உடம்பில் எதுவும் இல்லை என்றால் நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துச் சட்டென்று இறக்க முயல வேண்டாம். வேகமாக இறங்குவதே மூளைக்கு ஆபத்து. ஆனால் வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தை நினைவில் வைத்துக்கொண்டு வாருங்கள், முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இதைப் படிக்கும் சக மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஒரு வேண்டுகோள். என்னிடம் பி.பி.க்கு வருகிறவர்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தியவர்களும் அவர்களில் உண்டு. நேரமில்லை என்பதுதான் அவர்களும் சொல்லும் காரணம். டூட்டி மாறும்போது ஒருவர் மற்றவருக்கு அளந்துவிடுங்கள். தூக்கம் வராத, நோயாளியைப் பார்த்தாலே வெறுப்பு வருகிற நிலை வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரிடம் போங்கள். தெரிந்தவர் முன்னால் போய் உட்காரத் தயக்கம் என்றால் மத்திய அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.