ரைட் சொல்லும் 5: எழுதிய பிறகும் கோப்பு ஏன் காலி?

"பைத்தான் நிரல்மொழியில் ஒரு கோப்பைத் திறந்து 'தமிழ்' என்று எழுதினேன். எழுதும் கட்டளையான ரைட் 5 என்று பதில் தந்தது. வேறொரு ஜன்னலில் போய்ப் பார்த்தால் கோப்பின் அளவு 0 பைட். எழுதியது எங்கே போயிற்று?" வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதலில் அந்த 5. எத்தனை எழுத்து எழுதினோம் என்பதையே ரைட் பதிலாகத் தருகிறது. நம் கண்ணுக்கு மூன்று எழுத்துதான். யூனிகோடு கணக்கில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். மதிப்புகளைச் சொல்லுக்குள் செருகி வடிவமைக்கும் எஃப்-ஸ்ட்ரிங்கில் முக்காற்புள்ளிக்குப் பின் 8 என்று அகலம் கொடுத்தாலும் இதே கணக்குதான்: 'தமிழ்' என்ற சொல்லோடு 3 இடைவெளிகளை மட்டும் சேர்க்கும். தமிழ்ப் பெயர்ப் பட்டியலில் நெடுவரிசைகள் கோணிக்கொண்டு நிற்பது இதனால்தான். அகலம் கொடுத்துத் தமிழை நேராக்கப் பாடுபட வேண்டாம். டேப் குறியால் பிரித்து எழுதி, அட்டவணை மென்பொருளில் திறந்துகொள்ளுங்கள். எண்களுக்கு அகலம் ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் 2.675-ஐ இரண்டு தசம இடத்துக்கு வடிவமைத்தால் 2.68 வராது, 2.67 வரும். இரும முறையில் அந்த எண் 2.675-ஐ விட மயிரிழை குறைவாகத்தான் சேமிக்கப்படுகிறது. பணக் கணக்குக்கு, எண்ணைத் தசம முறையிலேயே வைத்திருக்கும் டெசிமல் வகையே சரி.

அடுத்தது குறிமுறை, அதாவது எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் முறை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ஆக 15 பைட். கோப்பைத் திறக்கும் ஓப்பன் அழைப்பில் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள். விட்டுவிட்டால், பல விண்டோஸ் கணினிகளில் பழைய குறிமுறை எடுத்துக்கொள்ளப்பட்டு, முதல் தமிழ் எழுத்திலேயே யூனிகோட்-என்கோட்-எரர் வந்து நிற்கும்.

இனி அந்த 15 பைட்டின் பயணம். எனக்குச் சலிக்காத பகுதி இது. ரைட் முடிந்ததும் அவை வட்டுக்குப் போவதில்லை. நம் நிரலின் நினைவகத்துக்குள்ளேயே பஃபர் என்ற இடைத்தாங்கியில் காத்திருக்கின்றன. பைத்தானில் இதன் வழக்கமான கொள்ளளவு நெடுங்காலமாக 8192 பைட்டாக இருந்தது. ஏன் காத்திருக்க வேண்டும்? கோப்பில் எழுதும் அதிகாரம் இயங்குதளத்தின் கருவுக்கு (கெர்னல்) மட்டுமே உண்டு. ஒவ்வொரு முறை அதை அழைக்கும்போதும், நிரல் தன் வேலையை நிறுத்திக் கட்டுப்பாட்டைக் கருவிடம் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும். 15 பைட்டானாலும் 8000 பைட்டானாலும் இந்தப் போக்குவரத்துச் செலவு உண்டு. அதனால் சேர்த்துவைத்து ஒரே தடவையில் அனுப்புகிறது.

இதை நேரிலேயே பார்க்கலாம். 100 பைட் வரி ஒன்றை நொடிக்கு ஒன்றாக எழுதிக்கொண்டே கோப்பின் அளவைக் கவனியுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் 0-விலேயே நிற்கும். பிறகு திடீரென ஆயிரக்கணக்கில் தாவும்.

எழுதிய பின் ஸ்லீப் போட்டு இரண்டு நொடி காத்திருந்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிரலாக்கத்தில் உலவும் மூடநம்பிக்கை இது. பஃபருக்குக் கடிகாரம் கிடையாது. நிரம்ப வேண்டும், அல்லது பஃபரைக் காலிசெய்யும் ஃப்ளஷ் கட்டளையைச் சொல்ல வேண்டும், அல்லது கோப்பை மூட வேண்டும். கோப்பைத் தானே மூடிவிடும் வித் தொகுதிக்குள் திறந்தால், நடுவில் பிழை வந்தாலும் கோப்பு மூடப்படும். நிகழ்வுகளைப் பதியும் லாக் கோப்புக்கு, ஓப்பன் அழைப்பில் பஃபரிங் 1 என்று கொடுத்தால், வரி முடியும்போதெல்லாம் கருவிடம் போய்விடும். ரைட் கட்டளையைக் கற்பிக்கும் எந்தப் பாடமும் இதை முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஃப்ளஷ் செய்த பிறகும் பயணம் முடியவில்லை. பைட்டுகள் கருவின் பக்கத் தேக்ககத்தில், அதாவது கோப்புத் தரவுக்காகக் கரு வைத்திருக்கும் நினைவகத்தில் இருக்கும். இப்போது நிரல் செத்தாலும் அவற்றுக்கு ஆபத்தில்லை. மின்சாரம் போனால் ஆபத்து. லினக்ஸ் வழக்கமான அமைப்பில், 30 நொடிக்கு மேல் பழசான பக்கங்களைத்தான் காலாவதி என்று பார்த்து வட்டுக்குத் தள்ளுகிறது. உடனே தள்ளச் சொல்வது எஃப்சிங்க். ஃப்ளஷ் செய்யாமல் எஃப்சிங்க் மட்டும் அழைப்பது பரவலான தவறு: நிரலின் பஃபரில் கிடப்பது கருவுக்குத் தெரியவே தெரியாது.

எல்லாவற்றையும் விட மோசமான கணம் ஒன்று உண்டு. கோப்பைப் புதிதாக எழுதும் 'டபிள்யூ' முறையில் ஓப்பன் சொன்ன நொடியிலேயே பழைய உள்ளடக்கம் அழிந்துவிடும். புதியதோ இன்னும் பஃபரில். அந்த இடைவெளியில் நிரல் கொல்லப்பட்டால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. நிரலின் அமைப்புகளைச் சேமிக்கும் கோப்புகள் திடீரென 0 பைட் ஆவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு வழி: அதே கோப்புறையில் தற்காலிகப் பெயரில் எழுதுங்கள். ஃப்ளஷ், பிறகு எஃப்சிங்க், பிறகு கோப்பை மூடி, ஓஎஸ் தொகுதியின் ரிப்ளேஸ் கொண்டு பழைய பெயருக்கு மாற்றுங்கள். லினக்ஸில் இந்தப் பெயர்மாற்றம் பிளவுபடாதது. கோப்பைத் திறப்பவருக்கு முழுப் பழையதோ முழுப் புதியதோ கிடைக்கும், பாதி கிடைக்காது. தற்காலிகக் கோப்பை வேறு வட்டில் வைத்தால் மட்டும் ரிப்ளேஸ் பிழை தரும். ஒரு கோப்பு முறைமையிலிருந்து இன்னொன்றுக்குப் பெயரை மாற்ற முடியாது, நகல்தான் எடுக்க முடியும்.