“கேஸ் முடியட்டும்” என்று காத்திருக்காதீர்கள்: விபத்து இழப்பீட்டுக்கு 6 மாதம்தான் கெடு

போன வாரம் ஒரு அம்மா என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். கையில் எஃப்.ஐ.ஆர். நகல். ஓரம் கிழிந்துவிடக் கூடாதே என்று லேமினேட் செய்து வைத்திருந்தார். கணவர் கொத்தனார், வயது 34. வேலை முடிந்து பைக்கில் வரும்போது பின்னால் வந்த மினி லாரி இடித்திருக்கிறது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். இரண்டு பிள்ளைகள், வயதான மாமியார். நான் முதலில் தேடியது விபத்து நடந்த தேதியை. விரல் விட்டு எண்ணினேன். 14 மாதம் ஆகியிருந்தது.

“இவ்வளவு நாள் ஏம்மா வரலை?”

“கேஸ் இன்னும் முடியல மேடம். தீர்ப்பு வந்தாத்தான் பணத்துக்குப் போட முடியும்னு எங்க மூத்தார் சொன்னாரு.”

இந்த வருஷத்தில் இதே பதிலைச் சொன்ன நான்காவது குடும்பம் இது. நான்கு குடும்பத்துக்கும் யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு தப்பாக வழிகாட்டியிருக்கிறார். இதற்கு மேலும் எழுதாமல் இருந்தால் அது என் தப்பு.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்று இருந்தது. தகுந்த காரணம் காட்டினால் 12 மாதம் வரை, இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்ளலாம் என்றும் இருந்தது. 1994ல் நாடாளுமன்றமே திருத்தம் கொண்டுவந்து அந்தக் கெடுவை எடுத்துவிட்டது. “ஆக்சிடென்ட் கேஸுக்குக் காலக்கெடு கிடையாது” என்று ஊரில் பெரியவர்கள் சொல்வது அந்தக் காலத்துப் பாடம். 27 வருஷம் அதுதான் சரியாகவும் இருந்தது.

2019ல் திருத்த மசோதா ஜூலை 23 அன்று மக்களவையிலும் ஜூலை 31 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறியபோது ஊரெல்லாம் என்ன பேசியது என்று நினைத்துப் பாருங்கள். ஹெல்மெட் போடாவிட்டால் 1,000 ரூபாய், குடித்துவிட்டு ஓட்டினால் 10,000 ரூபாய். பேச்செல்லாம் அபராதத்தைப் பற்றித்தான். அதே சட்டத்தில் 166வது பிரிவுக்குள் ஒற்றை வரியாக அந்த 6 மாதக் கெடு திரும்பி வந்ததை வக்கீல்களிலேயே பலர் கவனிக்கவில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது. 1988ல் இருந்ததைவிட இது கடுமை. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும் அதிகாரம் இந்த முறை தீர்ப்பாயத்துக்குத் தரப்படவில்லை. இன்னொன்று, நாள் கணக்கு தொடங்குவது விபத்து நடந்த அன்று. இறந்த நாளிலிருந்து இல்லை. ஐந்து மாதம் கோமாவில் கிடந்து ஒருவர் இறந்தால், அந்தக் குடும்பத்துக்குக் காரியம் முடிப்பதற்கும் மனு போடுவதற்கும் சேர்த்து மிஞ்சுவது ஒரே ஒரு மாதம்.

பொய்யான கிளைம்களைத் தடுக்கத்தான் இந்தக் கெடு என்கிறார்கள். பொய் கிளைம்கள் இருப்பது உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் திட்டம் போட்டு வருகிறவன் தேதி தவற மாட்டான், எல்லாக் காகிதத்தோடும் முதல் மாதமே வந்து நிற்பான். தவறவிடுகிறவர்கள் யாரென்றால் இடுப்பெலும்பு உடைந்து படுத்திருப்பவர்களும், வீட்டுக்காரரைப் பறிகொடுத்துவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிற பெண்களும்தான். நாடாளுமன்றம் இதை மறுபடி எடுத்துப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாற்ற முடியாத விஷயமில்லை இது. 2016ல் அறிமுகமான மசோதாவில் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு, அதாவது இடித்த வண்டியின் இன்சூரன்ஸ் பாதிக்கப்பட்டவருக்குத் தருவதற்கு, உயிரிழப்பு என்றால் 10 லட்சம், கொடுங்காயம் என்றால் 5 லட்சம் என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். 2019ல் நிறைவேறிய சட்டத்தில் அந்த உச்சவரம்பு இல்லை.

இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. அவை முடியும்வரை, காலம் கடந்துவிட்டது என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. அந்த அம்மாவின் மனுவை நான் எடுத்துக்கொண்டது இந்த உத்தரவை நம்பித்தான். ஆனால் இடைக்கால உத்தரவு என்பது ஒரு தற்காலிகப் பந்தல். அதை நம்பி யாரும் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

சரி, அந்த மூத்தார் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விபத்திலிருந்து இரண்டு வழக்குகள் பிறக்கின்றன. ஒன்று போலீஸ் போடுகிற குற்ற வழக்கு. அது மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடக்கும். ஓட்டுநர் கவனக்குறைவாக ஓட்டினாரா, அவரைத் தண்டிக்க வேண்டுமா என்பதுதான் அங்கே கேள்வி. உங்கள் வீட்டுச் செலவைப் பற்றி அந்த நீதிபதி விசாரிக்க மாட்டார், அது அவர் வேலையும் இல்லை. இன்னொன்று இழப்பீட்டு வழக்கு. எம்.சி.ஓ.பி. என்போம். அது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நடக்கும். அதை நீங்கள்தான் போட வேண்டும். முதல் வழக்கு முடிந்தால்தான் இரண்டாவது தொடங்கும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இரண்டும் தனித்தனி ரயில், தனித்தனி தண்டவாளம்.

குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்தில் அவ்வளவு கடுமை கிடையாது. இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதனால் ஓட்டுநர் விடுதலையானாலும் உங்கள் இழப்பீட்டு வழக்கு அதோடு செத்துவிடாது. குற்ற வழக்கு முடிய மூன்று வருஷம் ஆகலாம், ஐந்து வருஷமும் ஆகலாம். அதற்காகக் காத்திருந்து 6 மாதத்தைத் தொலைப்பதில் ஒரு பைசா லாபமில்லை. எஃப்.ஐ.ஆர். கையில் இருக்கிறதா? அடுத்த நாளே மனு போட வரலாம். குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லையா? பரவாயில்லை, அதைப் பின்னால் தாக்கல் செய்துகொள்ளலாம்.

இதே குழப்பத்தின் இன்னொரு முகம், “போலீஸ்ல கேஸ் ஆயிடுச்சு, பணம் தானா வரும்” என்பது. சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. விபத்துத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்தில் முதல் அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை என்று விசாரணை அதிகாரி தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் 166வது பிரிவில் இடமிருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் உரிமைகளைச் சொல்லும் படிவத்தை 10 நாளுக்குள் உங்களிடம் தர வேண்டும். என்னிடம் வந்த நான்கு குடும்பங்களில் ஒருவர்கூட அந்தப் படிவத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆகவே ஸ்டேஷனுக்குப் போய்க் கேளுங்கள். அறிக்கை அனுப்பியாச்சா, எந்தத் தேதியில், எந்தத் தீர்ப்பாயத்துக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வாங்கினாலும் உங்கள் மனுவைத் தனியாகப் போட்டுவிடுங்கள்.

அடுத்து, எங்களை அதிகம் தோற்கடிக்கிற ஒரு காகிதம். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது டியூட்டி டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதுவார். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். “என்னாச்சு?” என்று டாக்டர் கேட்பார். தூக்கிக்கொண்டு ஓடிவந்த உறவினர் பதற்றத்தில் “வண்டியிலிருந்து விழுந்துட்டாருங்க” என்பார். டாக்டர் அதை அப்படியே எழுதிவிடுவார், தானாக விழுந்தார் என்று. பின்னால் லாரி இடித்தது என்று எஃப்.ஐ.ஆர். சொன்னாலும், இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் நீட்டுவது இந்த ஏ.ஆர். காப்பியைத்தான். லாரிக்கதை பிற்பாடு ஜோடித்தது என்பார். அந்த ஒரு வரியைச் சரிக்கட்ட சாட்சி மேல் சாட்சி தேட வேண்டியிருக்கும். தயவுசெய்து டாக்டரிடம் முழுதாகச் சொல்லுங்கள்: எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி இடித்தது, நம்பர் தெரிந்தால் நம்பர். நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். உண்மையிலேயே தானாக விழுந்திருந்தால் அதையும் உள்ளபடி சொல்லுங்கள். வண்டி உரிமையாளரே ஓட்டிப்போய் விழுந்திருந்தால் அவருடைய பாலிசியில் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு வழி வேறு.

“அந்த டிரைவர் பையன் பாவம், சின்ன வயசு, எதுக்குக் கேஸு” என்று சமாதானமாகப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மனசு நல்ல மனசுதான். ஆனால் வண்டிக்குச் செல்லுபடியாகும் இன்சூரன்ஸ் இருந்தால் பணம் கொடுப்பது கம்பெனி, அந்தப் பையன் இல்லை. அந்த அம்மாவுக்கும் வண்டி உரிமையாளர் தரப்பில் ஒன்றரை லட்சம் தருவதாகப் பேசியிருக்கிறார்கள். அவர் முன்னாலேயே பேப்பரில் கணக்குப் போட்டேன். கணவர் வருமானம் மாதம் 18,000 என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால், 40 வயதுக்குக் கீழ் சொந்த உழைப்பில் வாழ்ந்தவர் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 25,200. வருஷத்துக்கு 3,02,400. அவரை நம்பியிருந்தவர்கள் நான்கு பேர், ஆகவே அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 2,26,800. இதை இறந்தவரின் வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும், 34 வயதுக்கு அந்தப் பெருக்கு எண் 16. மொத்தம் 36,28,800 ரூபாய். இது உச்ச நீதிமன்றம் 2009லும் 2017லும் வகுத்துக் கொடுத்த கணக்கு, என் சொந்தக் கணக்கில்லை. ஓட்டுநர் தப்பை நிரூபிக்கவே வேண்டாம் என்று 164வது பிரிவில் போனால்கூட உயிரிழப்புக்கு 5 லட்சம். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் அரசுத் திட்டத்தில் 2 லட்சம். ஒன்றரை லட்சத்துக்கு எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று யோசியுங்கள். அவர் அந்தத் தாளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து “நான் பார்த்துக்கிறேன்” என்று ஆதார், பாஸ்புக், எஃப்.ஐ.ஆர். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கிறவர்களிடம் எதையும் கொடுக்காதீர்கள். இவர்களுக்குப் பின்னால் எங்கள் தொழிலைச் சேர்ந்த சிலரும் இருக்கிறார்கள் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். வருகிற தொகையில் இத்தனை பங்கு என்று பேசுவது வக்கீலுக்குத் தடை செய்யப்பட்டது, பார் கவுன்சில் விதியே அப்படித்தான். கோர்ட் தரகர்களை ஒடுக்க 2023ல் வழக்கறிஞர்கள் சட்டத்தில் நாடாளுமன்றம் ஒரு பிரிவு சேர்த்தது. தண்டனை 3 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லட்சக்கணக்கில் அள்ளுகிறவனுக்கு 500 ரூபாய் அபராதம் எந்த மூலைக்கு? வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் 15100க்குக் கூப்பிடுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழு பேசும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

விபத்து வெளியூரில் நடந்தது என்று அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், ஸ்கேன் எதையும் தூக்கிப்போடாதீர்கள். பக்கத்துக் கடையில் கேமரா இருந்தால் அன்றே கடைக்காரரிடம் கேளுங்கள், சில நாளில் பழைய பதிவு அழிந்துவிடும்.

அந்த அம்மாவின் மனுவுக்கு நம்பர் ஆகிவிட்டது, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. விபத்தைக் கண்ணால் பார்த்தவர் எதிரே டீக்கடை வைத்திருந்தவர். எட்டு மாதத்துக்கு முன்பே கடையைக் காலி செய்துவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார் என்கிறார்கள். போன் நம்பர் யாரிடமும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை மூத்தாரைக் கூட்டிக்கொண்டு தேடப் போவதாக அந்த அம்மா சொல்லியிருக்கிறார்.