சுருளுக்கு ஏது எதிர்ப்பு?

கொழும்பில் வேலை செய்யும் அக்கா மகன் தீபாவளிக்கு ஹட்டன் வந்திருந்தான். தன் வேப் (மின்சிகரெட்) ஒன்றின் சூடாக்கும் சுருளைக் கழற்றி வைத்துக்கொண்டு, போனில் ஓடிய வீடியோவின் தமிழ் வரியை வாசித்தான்: "மல்டிமீட்டரால் சுருளின் எதிர்ப்பை அளவிடவும்." இந்த 'எதிர்ப்பு' என் கண்ணில் படுவது எத்தனையாவது தடவையோ. சரி, போகட்டும் என்றிருந்தேன். "எதிர்ப்பு கொறைவா இருந்தா நல்லதுதானே மாமா, சாதுவா சூடாகும்" என்றான். தூக்கிவாரிப்போட்டது.

சொல்லின் கதை சின்னதுதான். வீடியோ 'எதிர்ப்பு' என்றது ஆங்கில ரெசிஸ்டன்ஸை, மின் ஓட்டத்தைத் தடுக்கும் தன்மையை. அந்தச் சொல் லத்தீன் வழி வந்தது, எதிர்த்து நிற்பது என்று பொருள். தமிழில் கொடு கொடையானது, விடு விடையானது, அப்படித்தான் தடு தடையானது. இலங்கைப் பாடநூலில் ரெசிஸ்டன்ஸ் தடை, ரெசிஸ்டர் தடையி. அலகு ஓம், 1827இல் விதியை வெளியிட்ட ஜோர்ஜ் ஓமின் பெயர்.

எதிர்ப்புக்கு மனசு வேண்டும். நாளுக்கு 1000 ரூபாய் சம்பளம் கேட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் ரோட்டில் உட்கார்ந்தார்களே, அது எதிர்ப்பு. கம்பிக்கு ஏது மனசு? லயத்துப் பீலியில் சருகு அடைத்தால் தண்ணீர் நூலாக வரும், எடுத்துவிட்டால் பாயும். தடை குறைந்தால் ஓட்டம் கூடும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 'குறைந்த எதிர்ப்பு' என்றால் ஆபத்தே இல்லாததுபோல் அல்லவா கேட்கிறது! முழுச் சார்ஜில் பெட்டரி 4.2 வோல்ட். சுருள் 1 ஓம் என்றால் 4.2 ஆம்பியர் ஓடும். 0.1 ஓம் என்றால் கணக்குப்படி 42. பெட்டரி தாங்காது, வெடித்தாலும் வெடிக்கும். மொழிபெயர்த்த மெஷினுக்கு இது தெரியாது, அதை வாசித்துப் பார்க்காமல் போட்டவருக்குமா தெரியாது?

தமிழ்நாட்டில் 'மின்தடை' என்பார்கள். எதிர்ப்புக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் காற்று மழையில் லைன் மேல் சவுக்கு மரம் விழுந்து கரண்ட் போனாலும் மின்தடைதான். 'மின்தடையை அளவிடுக' என்றால் எங்கள் அம்மா மெழுகுதிரி தேடுவார். வெறும் தடை என்றால் அரசாங்கம் போடும் தடையும் உண்டே என்பீர்கள். உண்டுதான், 'சுருளின் தடை' என்று சொன்னால் யாரும் குழம்பமாட்டார்கள். (மல்டிமீட்டருக்குப் பல்மானி என்று பாடநூலில் இருக்கிறது. என் வாயில் அது வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.)

அப்புறம் அளந்தோம். சுருள் ஆறியிருந்தது, பெட்டரி தனியே மேசையில். மீட்டரை 200 ஓமில் வைத்து இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.3. அது மீட்டர் வயரின் தடை. சுருளில் 0.8. கழித்தால் 0.5 ஓம். மலிவு மீட்டரில் கடைசி இலக்கம் ஆடும், இதை மட்டும் நம்பி பெட்டரியைப் போடாதே என்றேன்.

வீடியோவை மறுபடி ஓடவிட்டான். அடுத்த வரி: "குறுகிய சுற்று உள்ளதா எனச் சரிபார்க்கவும்." ஷோட் ஆகியிருக்கா என்று பார்க்கச் சொல்கிறார்களாம்.