‘டுவாம்’ என்று நோயாளி சொன்னால்

ஸ்காட்லாந்தில் பொது மருத்துவராக இருப்பவர் காதில் மருத்துவப் புத்தகத்தில் இல்லாத சொற்கள் தினமும் விழும். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 15 லட்சம் பேர் தங்களுக்கு ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவான ஸ்காட்ஸ் மொழி பேசத் தெரியும் என்று சொல்லியிருக்கிறார்கள். உடம்புக்கு முடியாதபோது, குறிப்பாக வயதானவர்களுக்கு, அந்த மொழிதான் வாயில் வருகிறது. இங்கே புதிதாக வேலைக்கு வரும் நம் மருத்துவர்களும் செவிலியர்களும் மயக்கத்தையும் பகற்கனவையும் குறிக்கும் ‘டுவாம்’ என்ற ஒரு சொல்லையாவது தெரிந்துகொண்டு வரவேண்டும்.

பழைய சொல். ஆதியில் இதில் ‘ல்’ ஒலி உண்டு: டுவால்ம். பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘பால்’ ஸ்காட்ஸில் ‘பா’ ஆனதுபோல இதிலும் அது தேய்ந்துவிட்டது. வேர், பழைய ஆங்கிலத்தின் ‘துவோல்மா’; குழப்பம், பெரும் வெறுமை என்று பொருள். பழைய ஜெர்மனில் இதன் உறவுச் சொல்லுக்குப் பொருள், உணர்வு மழுங்கிய நிலை. குடியிருப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘ட்வெல்’ கூட இதே குடும்பம்தான். அது முதலில் வழிதவறச் செய்வதைக் குறித்தது, அப்புறம் தாமதிப்பதை, கடைசியில் தங்குவதை. எனக்கு மிகவும் பிடித்த சொல்வரலாறு இது.

ஜான் ஜேமிசன் 1808இல் வெளியிட்ட ஸ்காட்ஸ் அகராதியில் இதற்கு மயக்கம் என்று பொருள் தருகிறார். இன்று இளையவர்கள் பெரும்பாலும் பகற்கனவைச் சொல்லவே இதைப் பயன்படுத்துகிறார்கள். சிக்கல் இங்கேதான். ஒரு பாட்டி ‘எனக்கு டுவாம் வந்தது’ என்றால் மயங்கி விழுந்திருக்கலாம். ‘பையன் எப்போதும் டுவாமில் இருக்கிறான்’ என்று ஆசிரியர் சொன்னால், கவனம் எங்கோ போகிறது என்று அர்த்தம்.

இரண்டையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குவதால் வயதானவர்களுக்கு மயக்கம் வருவது சகஜம். அதற்கு அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளே காரணமாகவும் இருக்கலாம். ஆனால் ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ மயங்கினால், முன்னதாக நெஞ்சு படபடத்தால், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும். இ.சி.ஜி. அன்றைக்கே எடுக்க வேண்டும். காரணம் தெரியாத மயக்கமென்றால், அது தெளிவாகும்வரை கார் ஓட்டக் கூடாது.

குழந்தை விஷயம் இன்னும் எளிதாகத் தவறிப்போகும். பகற்கனவில் இருக்கும் குழந்தை தோளைத் தொட்டுக் கூப்பிட்டால் திரும்பும். ‘ஆப்சென்ஸ்’ வகை வலிப்பில் திரும்பாது. பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடிகள் உறைந்துவிடும், இமை படபடக்கலாம், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல விட்ட இடத்தில் தொடரும். ஒரே நாளில் பலமுறை வரலாம். கீழே விழாததால் வீட்டில் யாரும் பயப்படுவதில்லை; படிப்பில் அக்கறை இல்லை என்று திட்டுதான் விழுகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். மருந்து கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது கட்டுப்படும்.

அதனால் சொல் எதுவானாலும், நடந்ததைக் கேளுங்கள்: நின்றிருந்தாரா, நிறம் வெளுத்ததா, கூப்பிட்டதற்குப் பதில் வந்ததா, எத்தனை விநாடி? பெற்றோராக இருந்தால், அடுத்தமுறை அப்படி நடக்கும்போது கைபேசியில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.