பல்லில் கரையும் காசு

யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வீடுகளில் கேத்திலின் அடியில் வெள்ளைப் படை ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. நிலத்தடி நீர் அந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. அடுப்பில் ஏறியதும் கல்லாகவே திரும்பிப் படிகிறது. அம்மா அதைச் சுரண்டிக் கையை நோகடிப்பதில்லை. ஒரு தேசிக்காயைப் பிழிந்து, தண்ணீர் விட்டு, சூடாக்கி வைத்துவிடுவார். சிறு சிறு குமிழியாக நுரைத்துப் படை கழன்று வரும்.

பல்லுக்கு அந்தப் படை ஒன்றுவிட்ட சகோதரம். கேத்திலில் இருப்பது கல்சியம் காபனேற்று. பல்லின் வெளிப்பூச்சான எனாமலில் இருப்பது கல்சியமும் பொஸ்பேட்டும் சேர்ந்த ஒரு பளிங்கு. உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் எனாமல்தான், எலும்பெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனாலும் அமிலம் பட்டால் அதுவும் கரையும். கேத்தில் நுரைத்துக் காட்டுகிறது, பல் சத்தமில்லாமல் கரைகிறது. அந்தச் சத்தமின்மைக்குத்தான் நாம் பிறகு காசு கட்டுகிறோம். (தேசிக்காய்ப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் பல் வெளுக்கும் என்று நம்புகிறவர்கள், கேத்திலில் கழன்று போவது என்ன என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.)

சூத்தை வருவதற்குப் புளி தேவையில்லை. அமிலத்தை வாய்க்குள்ளேயே காய்ச்சுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். பல்லின் மேல் விரலால் தடவினால் வழுக்கும் அழுக்குப் படலம் முழுவதும் பக்டீரியாக்கள். அவற்றில் பேர்பெற்றது ஸ்ட்ரெப்டொகொக்கஸ் மியூட்டன்ஸ்; 1924இல் அடையாளம் காணப்பட்டது. சீனி கிடைத்ததும் அதைத் தின்று லக்டிக் அமிலத்தைக் கழிவாக விடுகிறது. 1940களில் ரொபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சிலரைச் சீனிக் கரைசலால் வாய் கொப்பளிக்க வைத்து, பல்லின் மேல் அமிலத்தன்மை எப்படி மாறுகிறது என்று அளந்தார். அமிலம் கூடக் கூட இறங்கும் பி.எச். அளவு சில நிமிடங்களுக்குள் சரிந்தது. 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். அங்கிருந்து மேலே ஏறிப் பழைய நிலைக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எடுத்தது.

இந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும் வரைந்தால் கிடைக்கும் ஒரு வளைகோடு, பல்லைப் பற்றி நான் படித்த எதையும்விட எனக்குப் பயன்பட்டிருக்கிறது. எவ்வளவு சீனி தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதே கணக்கு. கல்யாண வீட்டில் ஒரே இருப்பில் பயற்றம் பணியாரமும் சீனி அரியதரமும் வளைத்துக் கட்டியவருக்கு ஓர் அமிலச் சரிவு. காலை எழுந்ததும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மத்தியானத்துக்குப் பிறகு ஒன்று என்று நாளைக்கு ஆறு சீனித் தேநீர் குடிப்பவருக்கு ஆறு சரிவு. ஒவ்வொன்றுக்கும் அரை மணி என்று குறைத்துப் போட்டாலும் மூன்று மணி நேரம் அவருடைய பல் கரைசலில் ஊறுகிறது.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். வெறுந்தேநீரில் சீனி போடாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பது. கட்டியை முன்பல்லால் சிறிது உடைத்து, கன்னத்தின் ஓரத்தில் ஒதுக்கி, மேலே ஒரு மிடறு தேநீரை விடுவோம். கட்டி கரையக் கரைய அடுத்த மிடறு. சுவைக்கு ஈடு கிடையாது, நானும் விடப்போவதில்லை. ஆனால் "சீனி இல்லை, பனங்கட்டிதான், உடம்புக்கு நல்லது" என்ற பேச்சு பல்லிடம் செல்லாது. பனங்கட்டியில் பெரும்பங்கு சீனியில் இருக்கும் அதே சுக்குரோசு. அது கரும்பிலிருந்து வந்ததா பனையிலிருந்து வந்ததா என்று பக்டீரியா விசாரிப்பதில்லை. அதுவும் கடைவாய்ப் பல்லோடு ஒட்டிப் பத்து நிமிடம் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். கடிப்பதைச் சோற்றுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடையில் குடிக்கும் தேநீரை வெறுமையாகக் குடித்தால் ஒரு சதமும் செலவில்லாமல் மூன்று நான்கு சரிவுகள் குறையும்.

கரைந்த எனாமலைத் திரும்பக் கட்டுவது உமிழ்நீர். அதில் கல்சியமும் பொஸ்பேட்டும் கரைந்திருக்கின்றன, அமிலத்தை முறிக்கும் பைகாபனேற்றும் இருக்கிறது. சரிவுகளுக்கு இடையில் போதிய நேரம் விட்டால், இழந்த கனிமம் திரும்பிப் படியும். சூத்தையின் முதல் அடையாளமான சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளி இந்தக் கட்டத்தில் இருக்கும். இன்னும் ஓட்டை விழவில்லை, எனவே மீட்கலாம். தூங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். இரவு பல் விளக்காமல் படுப்பவர் காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்துப் படுக்கிறார்.

பற்பசையில் சேர்க்கும் புளோரைட்டின் கதையும் தண்ணீரில்தான் தொடங்குகிறது. 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போன பிரெடெரிக் மக்கே என்ற பல் வைத்தியர், அங்கே வளர்ந்தவர்களின் பற்கள் பழுப்புக் கறையோடு இருப்பதையும், அதே பற்களில் சூத்தை குறைவாக இருப்பதையும் கண்டார். காரணம் குடிநீரில் இருந்த புளோரைட்டு என்று 1931இல் தெரியவந்தது. எங்கள் நாட்டிலும் அநுராதபுரம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் அது அளவுக்கு மிஞ்சி இருப்பதால் பிள்ளைகளின் பல்லில் அந்தக் கறையைக் காணலாம். அளவோடு பல்லின் மேல் பட்டால், திரும்பப் படியும் பளிங்குக்குள் புளோரைட்டு புகுந்துகொள்கிறது. புதிய பளிங்கு பழையதைவிட உறுதியானது, கரைவதற்கு பி.எச். சுமார் 4.5 வரை இறங்கவேண்டும்.

ஆகவே பற்பசை வாங்கும்போது முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் பாருங்கள். புளோரைட்டு 1000 முதல் 1500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) என்று இருந்தால், கடையில் உள்ள மலிவான குழாயும் போதும். மூலிகை, கரி, நிறக்கோடுகளுக்குக் கொடுக்கும் காசு வாசனைக்குப் போகிறது. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கு அலை அலையாகப் பிதுக்கிக் காட்டுவது விற்பனைக்கு நல்லது. ஒரு பட்டாணி அளவு போதும். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசி அளவு. விளக்கி முடித்ததும் துப்புங்கள், ஆனால் தண்ணீரால் கொப்பளிக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கிய புளோரைட்டைக் கழுவி ஊற்றுவதற்கு அது சமம். இதைப் பழக எனக்கு இரண்டு வாரம் எடுத்தது.

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பது பொய்யில்லை. நன்றாக மென்று நாராக்கிய குச்சி அழுக்குப் படலத்தைக் கழற்றும். புளோரைட்டு கொடுக்காது, கடைவாய்ப் பல்லின் உட்புறத்துக்குப் போகாது, அவ்வளவுதான். உமிக்கரியைத்தான் நான் விட்டுவிடச் சொல்வேன். உமியில் சிலிக்கா நிறைய உண்டு, நாள்தோறும் தேய்த்தால் எனாமல் தேயும்.

இனி என் கதை. கீழ்க் கடைவாயில் ஒரு கறுப்புப் புள்ளி. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக அடைத்திருப்பார்கள். விடிய எழும்பி வரிசையில் நின்று துண்டு எடுக்கப் பஞ்சிப்பட்டு விட்டுவிட்டேன். சில மாதத்தில் குளிர்த்தண்ணீர் பட்டால் சுள்ளென்றது. எனாமலைக் கடந்து, அதன் அடியில் உள்ள டென்டின் என்ற படைக்குச் சூத்தை இறங்கியிருந்தது. டென்டின் முழுவதும் நரம்பை நோக்கிப் போகும் நுண்குழாய்கள். கூச்சம் அந்த வழியாகத்தான் வருகிறது. அப்போதும் அடைத்திருக்கலாம். நான் கராம்பு வைத்தேன். கராம்பில் உள்ள யூஜினோல் நரம்பை மரத்துப்போக வைக்கும், உண்மைதான். மூன்று இரவு உயிர் போகிற வலி. நான்காம் நாள் விடிந்தபோது வலியே இல்லை. கராம்பின் புகழைக் கந்தோர் முழுவதும் பாடினேன்.

நடந்தது வேறு. பல்லின் நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள கூடு நான்கு பக்கமும் கல்லால் கட்டிய அறை. மற்ற இடத்தில் காயம் வீங்கினால் தோல் விரிந்து இடம் கொடுக்கும், இங்கே இடமில்லை. வீக்கத்தின் அழுத்தம், வேர் நுனியில் ஊசித்துளை போன்ற வாயிலால் வரும் இரத்தத்தையே நெரித்துவிடுகிறது. உள்ளே இருப்பது செத்துப்போகிறது. செத்த நரம்புக்கு வலி தெரியாது. ஆறு மாதம் கழித்துக் கன்னம் வீங்கியபோது வைத்தியர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "வலி நின்ற அன்றைக்கே வந்திருக்க வேண்டும் தம்பி" என்றார்.

செத்த நரம்பை எடுத்து அடைக்கும் வேர்ச் சிகிச்சைக்குத் தனியாரிடம் நான்கு தடவை போனேன், பிறகு பல்லின் மேலே உறைபோல ஒரு தொப்பி. அந்த மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போயிற்று. மற்றப் பற்கள் பனங்கட்டிக்கு இன்னும் கூசுகின்றன. அந்தப் பல்லுக்கு மட்டும் சூடும் தெரிவதில்லை, குளிரும் தெரிவதில்லை.